விளையாட்டின் நடுவே விழுந்துபோகும் கணினி

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் தோட்டத்து வீடுகளிலிருந்து ஆசிரியர்களாகிய எங்களிடம் தவறாமல் வந்து சேரும் கேள்வி ஒன்று உண்டு. "சார், பெரியவள் கணினியில் பாடம் எழுதினால் ஒன்றும் ஆவதில்லை. சின்னவன் விளையாட்டைத் திறந்தால் மட்டும் கால்மணி நேரத்தில் பட்டென்று அணைந்து போகிறது. விளையாட்டுத்தான் கணினியைக் கெடுத்துவிட்டதா?" கேட்பவர் பெரும்பாலும் தாயாராகத்தான் இருப்பார். தகப்பனார் அதற்கு முன்பே பையனுக்கு இரண்டு அடி கொடுத்து முடித்திருப்பார். பட்டணத்துக் கடைக்காரரோ, பெட்டியைத் திறந்தும் பாராமல், "போர்டு போய்விட்டது, ஐந்நூறு வெள்ளி ஆகும்" என்று சொல்லியிருப்பார்.

பல மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, வேறொருவர் பயன்படுத்திய கணினியை வாங்கி வைத்திருக்கும் வீட்டுக்கு ஐந்நூறு வெள்ளி சிறிய தொகை அன்று. அந்த ஒரே பெட்டியில்தான் மூத்த பிள்ளையின் எஸ்.பி.எம். தேர்வுக்கான பாடக் குறிப்புகளும் இருக்கின்றன. ஆகவே அடி கொடுப்பதற்கும் பணம் கொடுப்பதற்கும் முன்பாக, இந்த நோய் எங்கே இருக்கிறது என்று நாமே ஓரளவு பார்த்துக்கொள்ள வழி உண்டா என்பதே இன்றைய பேச்சு. வழி உண்டு. அதற்கு வேண்டியவை ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு மெல்லிய தூரிகை, ஒரு மேசை விசிறி, கொஞ்சம் பொறுமை.

முதலில், விளையாட்டின்போது மட்டும் ஏன் விழுகிறது? சமதரையில் வெறுங்கையோடு நடக்கும்போது ஒருவருக்கு மூச்சு வாங்குவதில்லை. நிறைந்த பால் வாளிகளைத் தூக்கிக்கொண்டு மேட்டு நிரையில் ஏறும்போதுதான் நெஞ்சில் உள்ள கோளாறு தெரியவருகிறது. கோளாற்றை உண்டாக்கியது மேடு என்று யாரும் சொல்லமாட்டோம். கடிதம் எழுதும்போது கணினியின் மூளையாகிய பிராசசர் பெரும்பாலான நேரம் சும்மா இருக்கிறது. விளையாட்டிலோ வினாடிக்கு முப்பது, அறுபது, சில வேளை அதற்கும் மேற்பட்ட படங்களைப் புதிது புதிதாக வரைந்துகொண்டே இருக்கவேண்டும். வரையும் வேலையைச் செய்வது கிராபிக்ஸ் கார்டு. அதுவும் பிராசசரும் ஒருசேர முழு மூச்சாய் உழைக்கும்போது மின்சாரம் மிகுதியாக இழுக்கப்படுகிறது. இழுத்த மின்சாரமெல்லாம் கடைசியில் சூடாகவே வெளிவருகிறது. கணினியில் பலவீனமான உறுப்பு எது இருந்தாலும் அந்த நேரத்தில்தான் கை விரிக்கும்.

ஆராய்ச்சியைத் தொடங்குமுன் ஒரு வேலை உண்டு. பிள்ளைகளின் பாடக் குறிப்புகள், குடும்பப் படங்கள், பத்திரங்களின் நகல்கள் ஆகியவற்றை ஒரு பென்டிரைவில் பிரதி எடுத்து, அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுங்கள். எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் கணினி திடீரென்று அணைந்தால் அந்தக் கோப்பு சிதைந்துபோகலாம். பெட்டிக்குள்ளிருந்து 'டிக், டிக்' என்று பல்லி கொட்டுவதுபோல் ஒலி கேட்டால் ஹார்ட் டிஸ்க்கே சாகும் நிலையில் இருக்கலாம். அப்போது விளையாட்டை மறந்துவிட்டுப் பிரதி எடுப்பதை மட்டும் பாருங்கள். பெட்டியை மாற்றலாம். எஸ்.பி.எம். எழுதும் பிள்ளை ஓராண்டாக எழுதிய குறிப்பைக் கடையில் வாங்க முடியாது.

இனி நோட்டுப் புத்தகத்துக்கு வருவோம். தோட்டத்துக் கிராணியார் செக்ரோலில் பேர் பேராகக் குறித்து வைப்பதுபோல, கணினி விழும் ஒவ்வொரு முறையும் தேதி, மணி, விளையாட்டைத் திறந்து எத்தனை நிமிடம் ஆயிற்று, எந்த விளையாட்டு, திரையில் என்ன தெரிந்தது என்று எழுதிவையுங்கள். 'அணைந்துபோகிறது' என்று நாம் ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அவை நான்கு வேறு நோய்கள். மின்விளக்கை அணைத்ததுபோல் பெட்டி முழுவதும் நொடியில் செத்துப்போவது ஒன்று. நீலத்திரையில் எழுத்துகள் தோன்றிப் பின் தானாகவே மறுபடி கிளம்புவது இன்னொன்று. 2025ஆம் ஆண்டு முதல் விண்டோஸ் 11இல் இந்த நீலத்திரை கருப்புத்திரையாக மாறியிருக்கிறது. படம் அப்படியே உறைந்து நிற்க, ஒலி மட்டும் கீறிய இசைத்தட்டுபோல் திரும்பத் திரும்பக் கேட்பது மூன்றாவது. கணினி நன்றாகவே ஓட, விளையாட்டு மட்டும் மூடிக்கொள்வது நான்காவது. பொதுவாக முதல் வகைக்குச் சூட்டையும் மின்சாரத்தையும் சந்தேகிக்கவேண்டும். நடு இரண்டுக்கும் நினைவகத்தையும் கிராபிக்ஸ் கார்டையும் அதன் டிரைவரையும் பார்க்கவேண்டும். நான்காவதற்கு முதலில் விளையாட்டின் கோப்புகளைப் பார்த்தால் போதும். இந்த எல்லைகள் வேலிபோட்டவை அல்ல, ஒன்று மற்றொன்றில் கலப்பதுண்டு. ஆனாலும் எங்கே தொடங்குவது என்பதற்கு இது உதவும்.

நம் நாட்டில், அதிலும் தோட்டப்புறத்தில், முதல் சந்தேகம் சூட்டின்மேல்தான் விழவேண்டும். பகலில் தகரக் கூரையின்கீழ் அறையே முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று பாகை இருக்கும். செம்மண் தூசு சன்னல் வழியே வரும். சாமி மேடைக்குப் பக்கத்தில் கணினி இருந்தால் சாம்பிராணிப் புகையும், சமையற்கட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் எண்ணெய்ப் புகையும் உள்ளே போகும். எண்ணெய்ப் பசையும் தூசும் சேர்ந்தால் பிராசசரின் மேலுள்ள அலுமினியத் தகடுகளின் இடுக்கில் கம்பளி விரித்ததுபோல் படிந்துவிடும். அதற்குப் பின் விசிறி எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் காற்று நுழையாது. பிராசசர் சுமார் நூறு பாகை செல்சியசை நெருங்கும்போது தன்னைக் காத்துக்கொள்ள முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போது விளையாட்டு தள்ளாடும். அப்படியும் சூடு அடங்காவிட்டால் தானே மின்சாரத்தை அறுத்துக்கொள்ளும். அந்தப் 'பட்டென்று அணைவது' பல வேளைகளில் கணினி தன் உயிரைக் காப்பாற்றிக்கொண்ட செயல்தான்.

சூடுதான் காரணமா என்று அறிய ஒரு காசு செலவில்லாத சோதனை இருக்கிறது. கணினியை அணைத்து, பிளக்கைக் கழற்றி, பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டை எடுத்துவிடுங்கள். பிறகு மேசை விசிறியை அந்தத் திறப்பை நோக்கி வேகமாக வைத்து, விளையாட்டை ஓடவிடுங்கள். கால்மணியில் விழுந்த கணினி இப்போது இரண்டு மணி நேரம் தாங்கினால் விடை கிடைத்துவிட்டது. இதைப் பெரியவர் ஒருவர் கூடவே இருந்து செய்யவேண்டும். தகடு திறந்திருக்கையில் கைக்குழந்தைகளை அருகே விடக்கூடாது. எண்ணால் பார்க்க விரும்புவோர் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபாமன்ஸ் என்ற பகுதியில், தனிக் கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினிகளில், அதன் சூடு பாகையில் தெரியும். பிராசசரின் சூட்டைப் பார்க்க ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். விளையாட்டின்போது அறுபதிலிருந்து எண்பத்தைந்துக்குள் இருந்தால் அஞ்சவேண்டாம். தொண்ணூற்றைந்தைத் தொட்டு நின்றால் துப்புரவு செய்யவேண்டிய காலம் வந்துவிட்டது.

துப்புரவு செய்யும் முறையைச் சற்று விளக்கமாகவே சொல்வோம். பிளக்கைக் கழற்றியபின் பெட்டியின் பொத்தானைச் சில வினாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தங்கிய மின்சாரம் வடியும். பெட்டியை அஞ்சடிக்குக் கொண்டுவாருங்கள், வீட்டுக்குள் வைத்துச் செய்தால் தூசு பாயில் வந்து உட்காரும். இரும்புச் சட்டத்தை ஒருமுறை தொட்டுக்கொண்டு, காய்ந்த மெல்லிய தூரிகையால் தகடுகளின் இடுக்கைத் தட்டிவிடுங்கள். விசிறி இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளவேண்டும். காற்றடித்து அதைத் தாறுமாறாகச் சுழலவிட்டால் அதன் அச்சு கெடும். ஈரத்துணி கூடாது. வீடு கூட்டும் வேக்குவத்தை உள்ளே விடுவதும் நல்லதன்று, அதன் குழாய் முனையில் சேரும் நிலைமின்சாரம் சிறு உறுப்புகளைக் கொல்லக்கூடும். பல்லி எச்சமும் எறும்புக் கூடும் கண்ணில் பட்டால் வியப்படைய வேண்டாம். விசிறிக்குள் ஒரு கம்பி நுழைந்து அதைச் சுற்றவிடாமல் பிடித்திருந்த பெட்டியும் உண்டு. அந்த வீட்டுக்காரரிடம் போர்டு மாற்றவேண்டும் என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

தூசு தட்டியும் சூடு குறையவில்லையென்றால், பிராசசருக்கும் அதன்மேலுள்ள உலோகக் கட்டைக்கும் நடுவே பூசும் பசை உலர்ந்துபோயிருக்கலாம். ஐந்தாறு ஆண்டுப் பழைய கணினியில் இது வழக்கம். பழைய பசையைத் துடைத்துவிட்டு ஒரு பட்டாணி அளவு புதுப்பசை வைத்தால் போதும். கைப்பழக்கம் இல்லாதவர்கள் இதைக் கடையில் செய்துகொள்வதே மேல். கூலி அதிகம் ஆகாது. மடிக்கணினி வைத்திருப்பவர்கள் அதைத் தலையணைமேல் வைத்து விளையாடவே கூடாது. அடியில் உள்ள துவாரங்கள் அடைபட்டுவிடும்.

அடுத்தது மின்சாரம். சுவரில் வரும் 230 வோல்ட் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றதாக மாற்றிக் கொடுக்கும் இரும்புப் பெட்டிக்குப் பவர் சப்ளை என்று பெயர். மலிவானவற்றில் 500 வாட் என்று ஒட்டியிருப்பார்கள். அதை நம்பிவிட முடியாது. கார்டுகளின் பசியும் ஒன்றுபோல் இல்லை. ஜிடி 1030 என்ற சிறிய கார்டுக்கு 30 வாட் போதும். ஜிடிஎக்ஸ் 1650 சுமார் 75 வாட் கேட்கும். ஆர்டிஎக்ஸ் 3060 கேட்பது 170 வாட். அந்தக் கடைசிக் கார்டுக்கு அதன் தயாரிப்பாளரே 550 வாட் பவர் சப்ளை வேண்டும் என்கிறார். பழைய அலுவலகக் கணினி ஒன்றை மலிவாய் வாங்கி, அதில் உள்ள சிறிய பவர் சப்ளையை மாற்றாமல் பெரிய கார்டைப் பொருத்தினால், விளையாட்டில் வெடிப்பும் புகையும் வரும் காட்சியில், அதாவது கார்டு மிகுதியாக உழைக்கும் இடத்தில், எல்லாம் இருண்டுபோகும். சூட்டினால் விழும் கணினி சில நிமிடம் கழித்தே விழும். மின்சாரப் பற்றாக்குறையால் விழுவதோ, குளிர்ந்திருந்தாலும் முதல் நிமிடத்திலேயே விழக்கூடும். நோட்டுப் புத்தகத்தில் நிமிடக் கணக்கை எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

ஒரே நீட்டுக் கம்பியில் சோற்றுப்பானை, இஸ்திரிப்பெட்டி, கணினி மூன்றையும் மாட்டும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். கணினியைச் சுவரிலுள்ள பிளக்கில் நேரே மாட்டிச் சோதியுங்கள். இடி இடித்தால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். இணைய மோடத்தையும் சேர்த்துத்தான். மற்றொன்று, இதைப் பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும்: பவர் சப்ளையின் பெட்டியை மட்டும் எக்காலத்திலும் திறக்கக்கூடாது. பிளக்கைக் கழற்றிய பின்னும் அதற்குள் உயிரைப் பறிக்கும் மின்சாரம் தேங்கி நிற்கலாம். அது கெட்டால் முழுதாக மாற்றுவதே முறை.

இங்கே கடைகளில் நடக்கும் ஒரு தவறான தீர்ப்பைச் சொல்லியாக வேண்டும். விண்டோஸில் நடந்தவற்றைப் பதிவு செய்யும் ஈவன்ட் வியூவர் என்ற பகுதியில் 'கெர்னல் பவர் 41' என்று ஒரு பதிவு சிவப்புக் குறியோடு இருக்கும். 'பவர்' என்ற சொல்லைக் கண்டதும், "பார்த்தீர்களா, பவர் சப்ளை போய்விட்டது" என்பார்கள். அந்தப் பதிவின் பொருள், கணினி முறையாக மூடப்படாமல் மறுபடி கிளம்பியது என்பது மட்டுமே. சூட்டினால் அணைந்தாலும், யாரோ பிளக்கைப் பிடுங்கினாலும், மின்வெட்டு வந்தாலும் அதே பதிவுதான் வரும். இறந்தார் என்று எழுதிய சீட்டில் எதனால் இறந்தார் என்று இல்லாததுபோல. அதைவிட எளிதாகப் படிக்கக்கூடியது ரிலையபிலிட்டி மானிட்டர் என்பது. தொடக்கப் பட்டியலில் அந்த முதற்சொல்லை ஆங்கிலத்தில் தட்டினால் வந்துவிடும். நாள்வாரியாக எது எப்போது விழுந்தது என்று காட்டும். நம் நோட்டுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நீலத்திரை வரும் கணினிக்கு நினைவகத்தைச் சோதிக்கவேண்டும். ரேம் என்ற அந்தச் சிறு பலகைகள் இடத்தைவிட்டுச் சற்று அசைந்திருந்தாலும் போதும், கணினி தாறுமாறாக விழும். பிளக்கைக் கழற்றிவிட்டு அவற்றை எடுத்து, பொன்னிறப் பற்களைப் பள்ளிப் பிள்ளையின் அழிப்பானால் இலேசாகத் தேய்த்து, துகளை நன்றாகத் தட்டிவிட்டு, 'டக்' என்று ஒலி கேட்கும்படி அழுத்தி மாட்டுங்கள். பிறகு விண்டோஸிலேயே உள்ள மெமரி டயக்னோஸ்டிக் சோதனையை ஓட்டலாம். இன்னும் கடுமையான சோதனை வேண்டுமென்றால் மெம்டெஸ்ட்86 என்பதைப் பென்டிரைவில் ஏற்றி இரவு முழுவதும் ஓடவிடவேண்டும். காலையில் பெரட்டுக்குப் போகுமுன் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரே ஒரு பிழை வந்திருந்தாலும் அந்தப் பலகை உதவாது. இரண்டு பலகைகள் இருந்தால் ஒன்றை எடுத்துவிட்டு மற்றொன்றோடு விளையாடிப் பார்ப்பது எல்லோருக்கும் முடிந்த சோதனை.

படம் உறைந்து நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் கிராபிக்ஸ் டிரைவர், அதாவது விண்டோஸுக்கும் கார்டுக்கும் நடுவே நிற்கும் மொழிபெயர்ப்பாளர். கார்டிலிருந்து இரண்டு வினாடி பதில் வராவிட்டால் விண்டோஸ் அந்த டிரைவரை மறுபடி கிளப்பப் பார்க்கும். அது பலிக்காதபோதுதான் திரை உறைகிறது. கார்டைச் செய்த நிறுவனத்தின் இணையத்தளத்திலிருந்தே டிரைவரை இறக்கிப் புதிதாக நிறுவுங்கள். புதிய டிரைவர் போட்ட நாளிலிருந்துதான் தொல்லை என்றால் பழையதற்குத் திரும்புங்கள். 'உங்கள் டிரைவர் பழுது, இங்கே அழுத்துங்கள்' என்று கண்சிமிட்டும் விளம்பரங்களை அழுத்தவே கூடாது. அதுபோலவே, காசு கொடுத்து வாங்கவேண்டிய விளையாட்டைப் பூட்டுடைத்து இலவசமாகத் தரும் பிரதிகள். அவற்றோடு கூடவே வந்து, பிறருக்காக இரவும் பகலும் கணினியை உழைக்க வைக்கும் திருட்டு மென்பொருள்கள் உண்டு. விளையாட்டைத் திறக்காதபோதும் விசிறி இரைந்தால் அதைச் சந்தேகியுங்கள். விண்டோஸ் 10க்கு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் தேதியோடு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன என்பதும் நினைவில் இருக்கட்டும்.

விளையாட்டு மட்டும் மூடிக்கொண்டால், ஸ்டீம் போன்ற இடங்களில் வாங்கியதாயின், கோப்புகளைச் சரிபார்க்கும் கட்டளை அந்த விளையாட்டின் பண்புப் பட்டியலிலேயே இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பெரும்பாலும் இவ்வளவில் தீர்ந்துவிடும்.

ஆனால் திரையில் வரும் செய்தி எப்போதும் உண்மை பேசும் என்று எண்ணிவிடக் கூடாது. 2024ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனத்தின் பதின்மூன்றாம், பதினான்காம் தலைமுறை மேசைக்கணினிப் பிராசசர்கள் பல, விளையாட்டின் நடுவே விழுந்தன. திரையிலோ, கிராபிக்ஸ் நினைவகம் போதவில்லை என்று செய்தி. நினைவகம் தாராளமாக இருந்த கணினிகளிலும் அதே செய்திதான். கார்டை மாற்றியவர்கள் உண்டு, விளையாட்டைச் செய்தவர்களைத் திட்டியவர்கள் உண்டு. கடைசியில், பிராசசர் அளவுக்கு மீறிய வோல்டேஜைக் கேட்டு வாங்கித் தன்னையே தேய்த்துக்கொண்டது என்று அந்நிறுவனமே ஒப்புக்கொண்டு, அந்த ஆண்டு ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் திருத்தங்களை வெளியிட்டது. உத்தரவாதத்தையும் இரண்டாண்டு நீட்டியது. திருத்தம் மேற்கொண்டு சேதத்தைத் தடுக்கும். ஏற்கெனவே தேய்ந்ததை மீட்காது. அத்தகைய கணினிகள் இப்போது கைமாறி விலைக்கு வருகின்றன. வாங்குவோர், பயாஸ் திருத்தம் போடப்பட்டதா என்று கேட்டு, கடையிலேயே அரைமணி நேரம் ஒரு கனமான விளையாட்டை ஓடவிட்டுப் பார்த்து வாங்குவது நலம்.

எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தகப்பன் தூசு தட்ட, மகன் டிரைவர் மாற்ற, மாமா ரேமை மாற்ற, கணினி குணமாகிவிட்டால் எது குணப்படுத்தியது என்று தெரியாமல் போகும். அடுத்த மாதம் மறுபடி விழும்போது மூன்றையும் மறுபடி செய்யவேண்டி வரும்.

கடைக்குப் போகத்தான் வேண்டுமென்றால் நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துச் செல்லுங்கள். "விளையாட்டைத் திறந்த பதினைந்தாம் நிமிடம் முழுதாக அணைகிறது, விசிறி வைத்தால் தாங்குகிறது" என்று சொல்பவரிடம் போர்டு கதை எளிதில் எடுபடாது. எந்த உறுப்பை மாற்றப்போகிறார்கள், விலை என்ன என்று முன்னதாகவே சீட்டில் எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய உறுப்பைத் திருப்பிக் கேளுங்கள். அது உங்கள் பணத்தில் வாங்கியது, கேட்பதில் வெட்கம் ஏதுமில்லை.

பணமே இல்லாத மாதத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. விளையாட்டின் அமைப்புப் பகுதியில் படங்களின் எண்ணிக்கையை வினாடிக்கு அறுபது, அல்லது முப்பது என்று கட்டுப்படுத்தலாம். நிழல், புகை போன்றவற்றின் தரத்தைக் குறைக்கலாம். சாதாரணத் திரைகள் வினாடிக்கு அறுபது படங்களுக்கு மேல் காட்டுவதில்லை. அதற்கு மேல் கார்டு வரைவதெல்லாம் வீண் உழைப்பு, வீண் சூடு. குறைத்தபின் கணினி தாங்குகிறதா என்று ஒரு வாரம் பார்த்து, அதையும் நோட்டில் எழுதிவையுங்கள். பையனுக்குப் படத்தின் அழகு சற்றுக் குறையும். அக்காள் தன் பாடத்தைத் தடையின்றி எழுதலாம்.